குறியீடு இல்லையேல் கோளாறு இல்லை

மூன்றாம் எண் ஆம்புலன்ஸுக்கு உடம்பு சரியில்லை என்று அதன் ஓட்டுநர் அம்மாள் எழுதிக் கொடுத்த மனு, மருத்துவமனையின் வாகன நலப் பிரிவு மேலதிகாரியை மிகவும் புண்படுத்திவிட்டது. அவர் பிரிவில் எந்த வண்டிக்கும் நோய்நொடி வந்ததே கிடையாது. தினமும் காலை ஒன்பது மணிக்கு மெக்கானிக் ஸ்கேனரை வண்டியில் செருகுவார். கோளாறுக் குறியீடு ஏதாவது தெரிந்தால் அழிப்பார். பதிவேட்டில் "குறியீடு: இல்லை" என்று எழுதுவார். நானூறு நாளாக இந்தச் சாதனை தொடர்கிறது.

"ஓடிக்கிட்டு இருக்கும்போதே நின்னுடுது சார். நேத்து நெஞ்சுவலிக்காரரை வச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னுச்சு. அவர் சம்சாரம் இறங்கித் தள்ளினாங்க."

"அப்புறம்?"

"பத்து நிமிஷத்துல தானா கிளம்பிடுச்சு."

"கிளம்புற வண்டிக்கு எதுக்கும்மா மனு?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "எஞ்சின் சூடானா, அது சுத்துறதைக் காட்டுற கிராங்க் சென்சர் வேலை செய்யல சார். ஆறினா சரியாயிடுது. சின்னச் சாமான்தான், மாத்திடலாம்."

"சாமான் கேட்கக் காரணம் வேணும். காரணம்னா குறியீடு. பதிவேட்டுல எங்கய்யா இருக்கு?"

"நாமதானே சார் அழிக்கிறோம்?"

"அழிச்சா போயிடுதுல்ல? நிஜமான கோளாறுன்னா போகுமா?"

மெக்கானிக் ஓய்வு பெற ஏழு மாதம்தான் இருந்தது. பதிவேட்டில் "குறியீடு: இல்லை" என்று எழுதினார்.

வண்டியில் குறையில்லை என்றால் குறை ஓட்டுநரிடம்தானே? அம்மாளின் கண், காது, மனம் ஆகியவற்றைச் சோதிக்க ஆணை பிறந்தது. மூன்றும் நன்றாக இருந்தன. இதுவும் மேலதிகாரியைப் புண்படுத்தியது.

"நீங்களே ஒரு தடவை ஏறிப் பாருங்க சார்" என்றார் அம்மாள்.

அடுத்த வாரம் அதே நெஞ்சுவலிக்காரரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். முன்னால் மேலதிகாரி, பின்னால் நோயாளி, மனைவி, மெக்கானிக். மேம்பாலத்தின் உச்சியில் எஞ்சின் அடங்கியது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன.

மெக்கானிக் ஓடிவந்து ஸ்கேனரைச் செருகினார். திரையில் குறியீடு பளிச்சென்று நின்றது.

"இப்பப் பாத்தீங்களா சார்?" அம்மாள் பின்பக்கம் கையைக் காட்டினார். "உள்ள அவருக்கு வேர்த்துக் கொட்டுது!"

மேலதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறியீட்டை எழுத்தெழுத்தாக வாசித்தார். இப்படியொரு குறியீட்டை நிலுவையில் விட்டதற்காக மெக்கானிக்கைப் பத்து நிமிடம் கண்டித்தார். பிறகு தம் திருக்கரத்தாலேயே அழிப்புப் பொத்தானை அழுத்தினார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணும்மா."

அதற்குள் சென்சர் ஆறியிருந்தது. வண்டி கிளம்பியது.

பாலத்தில் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். நோயாளியின் மனைவி கண் கலங்கக் கும்பிட்டார்: "நீங்க மட்டும் வரலன்னா என்ன ஆகியிருக்கும் சார்!"

ஓட்டுநர் அம்மாள் சிரித்துவிட்டார். அதற்காக அவரைக் காகிதக் கிடங்குக்கு மாற்றினார்கள். மேலதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நெஞ்சுவலிக்காரர் தம் சொந்த முயற்சியில் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் மெக்கானிக்கின் வீட்டு வாசலில் பதினாலு கார்கள் நின்றன. எல்லாம் பாலத்தில் கைதட்டியவர்களுடையவை. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, என்ன சாமான் மாற்ற வேண்டும் என்று அவர் பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"அதெல்லாம் எதுக்குங்க?" என்றார்கள். "டாஷ்போர்டுல எரியற மஞ்சள் கோளாறு லைட்டை மட்டும் அணைச்சுக் குடுங்க, போதும்."