முட்டை மெருகு பூசிய எலிவீடு

கூச்சப்படுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையில்தான் எனக்குக் கல்யாணமே ஆனது. உண்மை என்னவென்றால், கூச்சக்காரனுக்குப் பொய் ரொம்பச் சுலபம். வாயாடி ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற இன்னும் நாலு பொய் சொல்லியாக வேண்டும். நான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அதற்கு மேல் என்னிடம் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த வார்த்தைக்கு வருவதற்கு முன்னால் இரண்டு எலிகளைப் பற்றியும் ஒரு டஜன் முட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. தாராவியில் லாத்தா வீட்டில் தங்கி, தோல் பதனிடும் ஒரு ஷெட்டில் மெருகு போடும் வேலை பார்த்தேன். (லாத்தா என்றால் அக்கா. அவள் வீட்டுக்காரர் கப்பலில் இருந்தார். அவளுக்கு ஒரு கைக்குழந்தை, ஒரு அறை, அந்த அறையின் மூலையில் நான்.) என் தாய்மாமா சாகுல், குர்லாவில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. மாமாவுக்கு ஒரே மகள், ஆமினா. மாமா மகள் எனக்குத்தான் என்று ஊரில் எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். பேசினவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது பாண்டுப்பில் ஒரு துணிக்கடைக்காரர் வேறு தன் மகனுக்காக ஆமினாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

துணிக்கடைக்காரர் மகன் நன்றாகப் பேசுவானாம். அந்தத் தகவலே எனக்கு இரண்டு நாள் காய்ச்சலைக் கொடுத்தது.

ஆமினாவின் படிப்பை ஏழாவதோடு நிறுத்தியிருந்தார்கள். அதன்பிறகு அவள் வெளியே போவதே குறைவு. ஒரு தடவை மார்க்கெட்டுக்குப் போன இடத்தில் அடம்பிடித்து ஒரு ஜோடி வெள்ளை எலி வாங்கி வந்து பிஸ்கட் டின்னில் வளர்த்தாள். ஒன்றின் பெயர் சீனி, இன்னொன்று உப்பு. எது சீனி, எது உப்பு என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா சொன்னார்:

“டின்னுக்குள்ள கெடந்து ராத்திரி முழுக்க கரகரன்னு பெறாண்டுதுவ. மரத்துல ஒரு கூடு மாதிரி அடிச்சுக் குடுக்க ஆளில்ல.”

“நான் செய்யுதேன் மாமா” என்றேன்.

அந்த வீட்டில் யாரும் கேட்காமல் நான் பேசிய முதல் வாக்கியம் அது. மாமா சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார்.

“உனக்கு ஆசாரி வேலை தெரியுமால?”

தெரியும் என்று தலையாட்டினேன். தெரியாது.

ஆனால் எனக்கு இசக்கி இருந்தான். திருநெல்வேலிக்காரன், பெட்டிகளுக்குச் சட்டம் அடிக்கும் தச்சன், பக்கத்து சந்து. பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்துக் கொடுத்தான். நான் ஆணி அடித்தேன். முன்பக்கம் கம்பி வலை, ஒரு சின்னக் கதவு, கதவுக்கு ஒரு கொண்டி. மூன்றே நாளில் நாலு விரல் நசுங்கி ஒரு வீடு எழும்பியது.

“ஏலே காசிம், பச்சைப் பலகையா விட்டுராத. எலி மூத்திரம் ஊறி நாறிப்போவும். என்னமும் பூசணும்” என்றான் இசக்கி.

என்ன பூசுவது? அங்கேதான் ஆரம்பித்தது.

எலி பலகையை நக்கும், கடிக்கும். பெயின்ட்டில் விஷம் இருந்தால்? ஆமினாவின் எலி செத்தால் என் கதையும் செத்தது. பெயின்ட் கடைக்குப் போனேன். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி வராது. பத்து நிமிஷம் டப்பாக்களை வேடிக்கை பார்த்துவிட்டு, வியர்த்து, கடைசியில் “சூஹே கே லியே” என்றேன். எலிக்காக என்று அர்த்தம். கடைக்காரர் புரிந்துகொண்டு தலையாட்டி, எலி பாஷாணம் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இது வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வாங்கிக்கொண்டு வந்து, சந்து முனையில் குழி தோண்டிப் புதைத்தேன். என் வாழ்க்கையில் எலிகளுக்காக நான் வாங்கிய முதல் பொருள் அது.

இசக்கியிடம் திரும்பிப் போனேன்.

“ஸ்பிரிட் பாலிஷ் போடுடே. அரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சது. ரெண்டு வாரம் காத்தாட வெச்சிரு, வாடை போயிரும். அதுக்கப்புறம் நக்குனாலும் ஒண்ணும் செய்யாது” என்று பாதி பாட்டில் கொடுத்தான்.

சரியான யோசனை அதுதான். இன்று யார் கேட்டாலும் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அன்று பம்பாயில் மதுவிலக்கு. தாராவியில் பாலிஷைக் குடிக்கிறவர்களும் இருந்தார்கள். பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சந்தில் நடந்தேன். மூடி சரியாக மூடவில்லை. எதிரே வந்த பள்ளிவாசல் முக்கிரி (தொழுகைக்கு ஏற்பாடெல்லாம் பார்ப்பவர்) நின்றார், மூக்கை உறிஞ்சினார், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீயுமா தம்பி?” என்றார்.

விளக்கியிருக்கலாம். எலிக்கூட்டுக்குப் பூச என்று நாலு வார்த்தை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பெருமூச்சு விட்டுப் போனார். மாமா ஐந்து வேளை தொழுகிறவர், முக்கிரியும் அவரும் ஒரே ஊர். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.)

எங்கள் ஷெட்டில் தோலுக்கு மெருகு எப்படி வருகிறது? முட்டை வெள்ளைக்கருவும் பாலும் சாயமும் கலந்து பூசி, காய்ந்ததும் கண்ணாடி உருளையால் அழுத்தித் தேய்ப்போம். முகம் பார்க்கலாம். கடைசியில் பார்மலின் தெளிப்போம். மெருகு தண்ணீரில் கரையாமல் அதுதான் பிடித்து வைக்கும். கண்ணைப் பிடுங்குகிற மருந்து அது. எலிக்கு ஆகாது. ஆகவே பார்மலினையும் சாயத்தையும் விட்டுவிடலாம். மிச்சம் என்ன? முட்டை, பால். உலகத்தில் இதைவிடச் சாதுவான பூச்சு உண்டா? பெயின்ட் கம்பெனிக்காரர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டேன்.

பூசினேன். காயவிட்டேன், மறுபடி பூசினேன். ஆறு பூச்சு. சோடா பாட்டிலின் அடியால் தோள்பட்டை இற்றுப்போகும்வரை தேய்த்தேன். பன்னிரண்டு முட்டையும் லாத்தாவினுடையது. பால், கார்டு காட்டி பூத்தில் வாங்கிய பால், குழந்தைக்கு வைத்தது.

“முட்டை எங்கல? பாலு எங்கல?” என்று லாத்தா கேட்டாள்.

நான் பெட்டியைக் காட்டினேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், கிண்ணத்தில் என்னைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு மஞ்சள் கருவைப் பார்த்தாள்.

“எலிக்கு ஊடு கட்டச் சொன்னா, ஊட்டுக்கே முட்டை ரொட்டி சுட்டு வெச்சிருக்கியே, கிறுக்குப் பயலே!”

அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. அந்த மஞ்சள் கரு முழுவதையும் இரண்டு நாளில் நான்தான் தின்று தீர்த்தேன்.

கடைசியாக ஒரு பரிசோதனை செய்தேன். ஆளில்லாத நேரம் பார்த்துப் பெட்டியின் உள்சுவரை நாக்கால் நக்கினேன். காத்திருந்தேன். சாகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பெட்டியை மெழுகுத்துணியில் சுற்றித் தலையில் வைத்து சயானில் ரயிலேறி குர்லாவில் இறங்கினேன். மாமா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கண்ணாடி மாதிரில்லா இருக்கு! எலிக்கு இம்புட்டு சோக்கா? ஏ ஆமினா, வந்து பாரு, ஒன் எலிக்கு மாளிகை வந்திருக்கு.”

திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. என்னிடம் நேராக அவள் கேட்ட முதல் கேள்வி:

“இதுல என்ன பூசியிருக்கு? நக்குனா சீனிக்கும் உப்புக்கும் ஒண்ணும் ஆயிராதே?”

நாக்கு நுனியில் தயாராக இருந்த பதில், பெருமையோடு வெளியே வந்தது.

“ஒண்ணும் ஆகாது. நானே நக்கிப் பாத்தேன்.”

திரைக்குப் பின்னால் சிரிப்பு. வாயைத் துணியால் பொத்திக்கொண்டும் அடங்காத சிரிப்பு. மாமாவும் சிரித்தார். “பாண்டுப்காரன் மகன் இதச் செய்வானா?” என்று தொடையைத் தட்டினார். நான் ரயிலில் திரும்பி வரும்போது, என் நிக்காஹ் முடிந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு போனபோது பட்டறைக்கு வெளியிலேயே மாமாவின் சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். மழை ஈரமும் எலி மூத்திரமும் பட்டு இரண்டே நாளில் மெருகு பிசுபிசுத்துவிட்டது. அழுகின முட்டை வாடை. மாமா சாக்கடை என்று நினைத்து, சாக்கடையைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டிருக்கிறார். போட்ட ரொட்டியை எலிகள் தொடவில்லை. ராப்பகலாகச் சுவரை நக்கியிருக்கின்றன. நக்கி முடித்து, முட்டை ஊறின பலகையைக் கடித்திருக்கின்றன. எலிக்குத் தின்னக்கூடிய வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அது வீட்டைத் தின்னாது என்று நம்பினவன் நான் ஒருவன்தான்.

வெளியே வந்த எலிகள் நேராகப் பட்டறைக்குப் போயிருக்கின்றன. அங்கே டிராம்பே பக்கம் ஒரு ஆபீஸுக்காகத் தைத்த கைப்பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதே மாதிரி மெருகுத் தோல். ருசி பழகியிருந்தது. ஒரு பைக்குக்கூட ஓரம் மிச்சமில்லை.

“கொண்டியைப் போடாம விட்டிருக்கா! இம்புட்டு நாள் வேலை நாசம்!” என்று மாமா கத்திக்கொண்டிருந்தார்.

“கதவு சாத்தித்தான் இருந்திச்சு வாப்பா. நான் ரெண்டு தடவ பாத்தேன்.”

“பொறவு எப்படி வெளிய வந்திச்சு? எலியா, ஜின்னா? பொய் வேறயா சொல்லுத?”

ஆமினா திரைக்கு வெளியே நின்றிருந்தாள். மறைந்துகொள்ள வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு அப்போது இல்லை. முகம் அழுது வீங்கியிருந்தது.

மாமா என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லுல. நீ அடிச்ச பெட்டி. கதவு சாத்தியிருந்தா எலி வெளிய வருமா?”

நான் மூலையில் இருந்த பெட்டியைத் தூக்கினேன். சுவரோடு ஒட்டியிருந்த பின்பலகையில் என் கை போனது. உள்ளே எலிகள் படுக்கப் போட்டிருந்த கந்தல் துணி மறைத்திருந்த இடத்தில் விரல் இறங்கியது. மெத்தென்று, பல் பதிந்த, எட்டணா அளவு ஓட்டை.

மாமா பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டுப் துணிக்கடை என் கண் முன்னால் வந்துபோனது. உள்ளங்கையால் ஓட்டையை மூடிக்கொண்டேன்.

“வராது” என்றேன்.

அந்த வார்த்தை அதுதான்.

மாமாவுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. கூச்சக்காரப் பையன், பொய் சொல்ல மாட்டான். ஒரு எலி ஏற்கெனவே பசைச் சட்டியில் விழுந்து செத்திருந்தது. இன்னொன்றைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதை மாமா ஒரு பையில் போட்டு, ரயில் பாதை ஓரம் கொண்டுபோய் விட்டுவிட்டு வர என்னிடம் சொன்னார். செத்தது சீனியா உப்பா என்று நான் கேட்கவில்லை. இனி அந்த வீட்டில் உயிருள்ள எதுவும் வளர்க்கக் கூடாது என்றும் சொன்னார்.

ஆமினா வந்து என் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். வாங்கும்போது அவள் விரல் பின்பலகையைத் தடவியது. நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மாமா என்னை அங்கேயே விரட்டியிருப்பார். அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்து, ஓட்டை தன் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதும் இல்லை.

மறு வருஷம் எங்களுக்கு நிக்காஹ் ஆனது. சீர்ப் பாத்திரங்களோடு அந்தப் பெட்டியும் வந்தது. இசக்கி மெருகைச் சுரண்டி எடுத்துவிட்டு ஸ்பிரிட் பாலிஷ் போட்டு, இரண்டு வாரம் காற்றாட வைத்துக் கொடுத்தான். இப்போது செம்பூரில் எங்கள் சமையலறையில் அதில்தான் வெங்காயம் இருக்கிறது. பின்பக்கம் சுவரைப் பார்த்தபடி.

என் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தலைகீழ்ப் பாடம். வீட்டுக்குப் புது சோப்பு வந்தாலும், கதவுக்குப் பெயின்ட் அடித்தாலும், “வாப்பா, நக்கிப் பாத்தாச்சா?” என்பார்கள். சம்பந்தி வீட்டாருக்கு முன்னால்கூடக் கேட்டாகிவிட்டது. ஆமினாதான் எல்லோருக்கும் சொல்லுவாள். முட்டை, பால், முக்கிரி, எலி பாஷாணம், ஒன்று விடாமல், என் குரலில் பேசிக் காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவாள்.

கடைசியில் யாராவது ஒரு பிள்ளை, “அப்போ எலி எப்படிம்மா வெளிய ஓடிச்சு?” என்று கேட்கும்.

“அது, நான்தான் கொண்டியப் போட மறந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒவ்வொரு தடவையும். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருப்பேன்.

மாமா மவுத்தாகிவிட்டார். அவரிடம் இனிச் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வராது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். அதனால் அவர்களுக்காக இதைச் சுருக்கமாக, சின்ன வாக்கியமாக எழுதி வைக்கிறேன்.

கொண்டி போட்டுத்தான் இருந்தது.