கூரை மடங்கும் கார் விஷயமாக

கிள்ளான்,
திங்கட்கிழமை காலை.

என் அன்பு மருமகன் தனேஷ் அறிய, மாமா கார்த்திகேசு எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்திலும் என் முன்யோசனையிலும் நானும் உன் அத்தை தனலெட்சுமியும் இங்கே சௌக்கியம். செமினியில் நீயும் காஜாங்கில் என் தங்கச்சி அமுதவள்ளியும் அதே மாதிரி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் கூரை மடங்கும் கார் விற்கிறார், இரண்டே சீட்டு, ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஷிப்ட், நான் போய்ப் பார்த்து வாங்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும், புதன்கிழமைக்குள் அவருக்குப் பதில் தர வேண்டும் என்று நீ வாட்சாப்பில் கேட்டிருந்தாய். படித்த சித்தப்பாக்கள் மூன்று பேர் இருக்கும்போது என்னிடம் கேட்டாயே, அதிலேயே உன் அறிவு தெரிகிறது. சின்ன வயதில் அலமாரிக் கதவு முழுக்க இந்த மாதிரி காரின் படமாக ஒட்டி வைத்து அம்மாவிடம் அடி வாங்கியவன் நீ. பதினொரு வருஷமாக இதற்கென்று சேர்த்து வைத்திருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே விளையாட்டாக நினைக்காமல் முழு மனதோடு இறங்கினேன். பதிலை வாட்சாப்பில் போட முடியவில்லை. என் போன் இப்போது அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது, காரணம் கீழே வரும். லோரி ஓட்டும் பரமேஸ்வரன் நாளைக்கு செமினிப் பக்கம் லோடு ஏற்றிப் போகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் ஆறாம் வகுப்புக்கு மேல் போகவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கார் விஷயத்தில் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் என்னைக் கேட்காமல் யாரும் டயர்கூட மாற்றுவதில்லை. கேரி தீவில் எஸ்டேட் மேனேஜர் வைத்திருந்த கூரை மடங்கும் காரை பதினாறு வயதிலேயே ஓட்டியவன் நான். ஓட்டியது என்றால், கழுவுவதற்காக ஷெட்டிலிருந்து வெளியே தள்ளி, கழுவிய பிறகு உள்ளே தள்ளி வைத்தது. ஆனால் தள்ளும்போது ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது.

கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் போய், அங்கிருந்து வெயிலில் நடந்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கார்க்காரர் பெயர் சிவகுருநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபத்திரண்டு வயது, கருவூலத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமையும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தார். கார் வாங்கிய நாளிலிருந்து எண்ணெய் மாற்றிய சீட்டு முதல் வைப்பர் மாற்றிய சீட்டு வரை ஒரு பைலில் வைத்திருக்கிறார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். காரில் ஏறுவது சுகமாகத்தான் இருக்கிறதாம், இறங்குவதற்குத்தான் இப்போது இரண்டு பேர் வேண்டியிருக்கிறதாம். கார் சிவப்பு, ஜப்பான் சாமான், இருபத்தொரு வயசு. நான் பானட்டைத் திறந்து ஐந்து நிமிஷம் உள்ளே பார்த்து, தலையை இரண்டு தரம் ஆட்டி மூடினேன். அந்த ஆட்டலிலேயே விலையில் இரண்டாயிரம் குறைந்திருக்கும்.

ஓட்டிப் பார்க்காமல் என்ன தெரியும்? கிள்ளான் வரைக்கும் ஒரு நடை போய் வரலாம் என்றேன். அவர் தயங்கினார், பிறகு பைலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கூரையை மடக்கினோம். நல்ல உச்சி வெயில். பெடரல் ஹைவேயில் இறங்கியதும் ஊரே திரும்பிப் பார்த்தது, உன் மாமாவுக்கு அது புதிதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த சீட்டில் உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கிறது, பக்கத்தில் வருகிற லோரியின் சக்கரம் நம் காதுக்கு நேரே சுற்றுகிறது. நூற்று அறுபதில் போனேன். சிவகுருநாதன் ஐயா எழுபது என்று சொல்வார், அவருக்கு மீட்டர் சரியாகத் தெரியவில்லை. சிக்னல் போட்டது போட்டபடியே வருகிறேன் என்று மட்டும் மூன்று தரம் மெதுவாகச் சொன்னார்.

பாதி வழியில் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டும்போது மழை பிடித்தது. தூறல் கீறல் கிடையாது, குடத்தைக் கவிழ்த்த மாதிரி. கூரையை மூட ஒரு கிளிப் இருக்கிறது, அதை முதலில் மேலே தூக்கி அப்புறம் இழுக்க வேண்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், இந்த மாதிரி கூரை நூறு மூடியவன் நான் என்று இழுத்தேன், கிளிப் தானாகவே என் கையோடு வந்துவிட்டது. பழைய சாமான், யார் இழுத்திருந்தாலும் வந்திருக்கும். மழைக்கு மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒதுங்குவார்களே பாலத்துக்கு அடியில், அங்கே போய் நிறுத்தினேன். நாற்பது மோட்டார் சைக்கிளுக்கு நடுவில் ஒரு சிவப்புக் கார், அதற்குள் முழங்கால் வரை தண்ணீர், தண்ணீருக்குள் என் போன். பைல் மட்டும் நனையவில்லை. ஐயா அதைச் சட்டைக்குள் செருகியிருந்தார். சாப்பாடு டெலிவரி செய்கிற கிஷன் என்ற இளைஞன் வந்து பார்த்தான்.

“ஏன் அங்கிள், இவ்ளோ காசு போட்டு கார் வாங்கிட்டு எங்களோடயே வந்து நிக்கிறீங்களே லா?”

சும்மா பார்க்கத்தான் கொண்டு வந்தேன் என்றேன். பாலத்தையா என்று கேட்டான். பேச்சு அப்படி இருந்தாலும் நல்ல பிள்ளை. பெட்டியிலிருந்து ராஃபியா என்கிற பிளாஸ்டிக் கயிறு எடுத்துக் கூரையைப் பாதி இழுத்துக் கட்டிக்கொடுத்தான்.

அந்தக் கயிறு கிள்ளான் வரைக்கும்தான் தாங்கியது. மழை நிற்கவில்லை. எங்கேயாவது கூரைக்குக் கீழே விட வேண்டுமே என்று பார்த்தால், நம் கோயிலில் வாகன பூசை செய்கிற கொட்டகை காலியாக இருந்தது. நேரே உள்ளே விட்டேன். ஐயா கால் கழுவப் போனார். இதற்குள் குருக்கள் தட்டோடு வந்துவிட்டார். ஊரில் பார்க்காத கார், சிவப்பு நிறம், பூசைக் கொட்டகையில் நிற்கிறது, அவர் வேறு என்ன நினைப்பார்? பெயர், நட்சத்திரம் என்றார். இது வெறும் ஒதுங்கல் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் கோயில் கமிட்டிக்காரர்கள் நான்கு பேர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேருக்கு முன்னால் கார் இன்னொருத்தருடையது என்று எப்படிச் சொல்வது? உன் நட்சத்திரமும் ஞாபகம் வரவில்லை. கார்த்திகேசு, பூரட்டாதி என்று சொல்லிவிட்டேன். சந்தனம் பூசி, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, நான்கு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கி நான் காரை முன்னுக்கு எடுக்கும்போதுதான் சிவகுருநாதன் ஐயா திரும்பி வந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நசுங்கிய பழங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“கார்த்திகேசு, உங்கட பேருக்குப் பூசை ஆயிட்டுது. இனி இதை நான் வெளி ஆளுக்கு விக்க மாட்டன். எனக்கு மனசு கேக்காது. நீங்கள் இல்லாட்டி உங்கட மருமகன், ஆராவது ஒருத்தர் எடுக்கத்தான் வேணும்.”

சாவியையும் பைலையும் என் கையில் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். ஆகவே கார் நேற்று சாயங்காலத்திலிருந்து என் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. இதற்கெல்லாம் நீ கட்டுப்பட வேண்டியதில்லை. புதன்கிழமை நானே கொண்டுபோய் விட்டுவிட்டுப் பேசிக்கொள்கிறேன், என் பேச்சுக்கு மயங்காத யாழ்ப்பாணத்துக்காரர் இன்னும் பிறக்கவில்லை.

இப்போது என் தீர்ப்பு. வேண்டாம். நம் ஊரில் பாதி நாள் வெயில் மண்டையைப் பிளக்கிறது, மீதி நாள் மழை, கூரையை எப்போது திறப்பாய்? கம்பத்துக் கிராம ரோட்டில் ஒரு மேடு வந்தால் காரின் அடி வயிறு தட்டுகிறது. இரண்டே சீட்டு, நாளைக்குக் கல்யாணம் ஆனால் பொண்டாட்டியை ஏற்றுவாயா அம்மாவை ஏற்றுவாயா, யாரை விட்டாலும் வீட்டில் சோறு இல்லை. சாமான் கிடைக்காது. என்னை மாதிரி ஓட்டத் தெரிந்தவன் கையிலேயே இந்தப் பாடு என்றால் உன் கையில் என்ன ஆகும்? மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்கும் எழுதும்போது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பெற்ற பிள்ளைக்குச் சொல்வதைத்தான் உனக்குச் சொல்கிறேன். அந்தக் காசில் நாலு கதவு வைத்த ஒன்றை வாங்கு.

கிள்ளான் முருகன் உனக்கு நீண்ட ஆயுளும் ஓவர்டைமும் காய்ந்த ரோடும் கொடுக்கட்டும். உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல், எதற்கு என்று சொல்லாதே.

இப்படிக்கு,
உன் நன்மையை மட்டுமே நினைக்கும் தாய்மாமன்,
கார்த்திகேசு.

பி.கு.: இது திங்கட்கிழமை சாயங்காலம் எழுதுவது. துணி காயப்போட இடம் வேண்டும் என்று உன் அத்தை தார்ப்பாயை எடுத்தாள். சும்மா உட்கார்ந்து பார்த்தாள். பாசார் வரைக்கும் போகலாம் என்றாள். பாசாரிலிருந்து கடற்கரை வரைக்கும் போகலாம் என்றாள். தலையில் சால்வையைக் கட்டிக்கொண்டு, முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக, என்னை இன்னொரு ரவுண்டு போகச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்:

“தனேஷுக்கு வேணாம்னு எழுதிட்டீங்கதானே?”

“எழுதிட்டேன்.”

“நல்லது. சாவியை இங்க கொடுங்க.”

ஆகவே மேலே எழுதிய குறைகள் எல்லாம் உன் வயதுக்காரர்களுக்குத்தான் பொருந்தும். வாங்க வேண்டாம் என்ற என் தீர்ப்பில் மாற்றமில்லை, இனி வாங்கவும் முடியாது. சிவகுருநாதன் ஐயாவுக்கு உன் அத்தையே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அவருக்கு ரொம்ப சந்தோஷம், புதுக் கிளிப் கொண்டுவருகிறார். நீ மனதைத் தளரவிடாதே. எனக்கும் உன் அத்தைக்கும் பிறகு அந்தக் கார் உனக்குத்தான். போன மாதம்தான் இரண்டு பேரும் கிளினிக்கில் முழு செக்கப் செய்தோம், ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.