உப்புக்காரருக்குச் சுகமில்லை என்றது பொய்

எங்கள் முதியோர் இல்லத்தின் தலைவர் பொய் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சிறுமியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

பொய் எனக்குப் புதிதில்லை. உலகத்திலேயே பெரிய பொய்யர் என் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தார். ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர், அதனால் எல்லாருக்கும் அவர் உப்புக்காரர். விடிந்துவிட்டது என்று அவர் சொன்னால் நான் சன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழும்புவேன்.

எங்கள் இல்லத்தில் நடப்பது தெரியாத பத்திரிகை வாசகர்களுக்காகச் சொல்கிறேன். லண்டனிலோ கனடாவிலோ ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால், பெற்றோர் காசு அனுப்புவார்கள், அன்றைக்கு எங்களுக்கு விசேஷச் சாப்பாடு. பிள்ளையின் படத்தைப் பெரிதாக்கி மண்டபத்தில் கட்டுவார்கள். நாங்கள் கதிரைகளில் வரிசையாக இருந்து கை தட்டி, இங்கிலீசில் வாழ்த்துப் பாட வேண்டும். அதை வீடியோ எடுத்து முடித்த பிறகுதான் சோறு. இதற்குப் பெயர் பொழுதுபோக்கு நிகழ்ச்சி. வேறு பொழுதுபோக்கு எங்களுக்கு இல்லை. பாடிப் பாடி அலுத்துப்போனோம். யாருடைய பிள்ளை என்றுகூடத் தெரியாது.

ஒருநாள் பாட்டுத் தொடங்கும் முன் உப்புக்காரர் எழும்பிப் படத்துக்குக் கிட்டப் போனார்.

"இவன்ர அப்பப்பாவை எனக்கு வடிவாத் தெரியும். கிணத்துக்க விழுந்த ஆட்டைத் தூக்கவெண்டு இறங்கினவன். ஆடு தானா ஏறி வந்திட்டுது. அவனைத் தூக்கத்தான் ஊரே வரவேண்டிப்போச்சு."

றீற்றா அக்கா சிரித்த சிரிப்பில் கட்டுப்பல் மடியில் விழுந்தது. அவர் முல்லைத்தீவுக் கரைக்காரி. அதுவரை சாப்பாட்டுக்குத் தவிர அறையை விட்டு வெளியே வராதவர்.

அதன் பிறகு படத்துக்கொரு கதை. கதை அன்றோடு முடிவதுமில்லை.

"அண்ணை, அந்த நோர்வேப் பெட்டைக்குச் சோதினை முடிஞ்சுதோ?" என்று றீற்றா அக்கா கேட்பார்.

"முடிஞ்சுது. கணக்குத்தான் கொஞ்சம் பிழைச்சுப்போச்சாம்."

அக்கா உடனே அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். பிள்ளைக்கு வயது மூன்று.

லண்டன் பெடியனை டொக்டருக்குப் படிப்பிப்பதா, இங்கே வந்து காணியைப் பார்க்கச் சொல்வதா என்று இல்லம் இரண்டாகப் பிரிந்தது. நான் காணிப் பக்கம். எதிர்ப்பக்கத்தாரோடு கதைபேச்சில்லை. சாப்பாட்டு மேசையில் சொதிச் சட்டியைக்கூட அவர்கள் பக்கம் தள்ளவில்லை.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "உண்மையா உமக்கு இவையளின்ர ஆக்களைத் தெரியுமோ?"

"ஒருத்தனையும் தெரியாது. பசியோட இருத்தி வைச்சு, தெரியாத பிள்ளைக்குப் பாடு எண்டா ஆருக்குப் பாட்டு வரும்? தெரிஞ்ச பிள்ளையெண்டா வருமெல்லே."

பிறகு கனடாச் சிறுமி ஒருத்தியின் படம் வந்தது. அவளுடைய அப்பப்பா அப்பம்மாவை மாட்டுவண்டிலில் கூட்டிக்கொண்டு ஓடியவராம். பளைச் சந்தியில் மாடு படுத்துவிட்டதாம். துரத்தி வந்த மாமனாரே வண்டிலைத் தள்ளிவிட்டாராம். இதுவும் வீடியோவில் போய்விட்டது. தகப்பன் தலைவருக்குத் தொலைபேசி எடுத்து, தன் குடும்ப மானம் போய்விட்டது என்று குதித்தார். அன்றிலிருந்து பிறந்தநாள்களில் உப்புக்காரருக்கு இடம் குசினி, தேங்காய் துருவும் வேலை. நாங்கள் பழையபடி கை தட்டினோம். றீற்றா அக்கா பழையபடி அறைக்குள் போனார்.

பள்ளி விடுமுறைக்கு அந்தக் குடும்பமே வந்து இறங்கியது. சிறுமி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"மாட்டுக் கதை சொன்ன தாத்தா எங்க?"

தலைவர் குனிந்து, "அவருக்குச் சுகமில்லை அம்மா" என்றார்.

குசினியில் உப்புக்காரர் தேங்காய் துருவும் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"சுகமாத்தான் இருக்கிறார். குசினிக்க இருக்கிறார்" என்றேன்.

தலைவர் தகப்பனைப் பார்த்துச் சிரித்தார். "ஐயாவுக்குக் கொஞ்சம் மறதி."

எனக்கு மறதி இல்லை. உழவு மெசின் திருத்தியவன் நான். எந்த ஆணியை எங்கே கழற்றினேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

சிறுமி கதை கேட்காமலே போனாள். அடுத்த கிழமை, வவுனியா இல்லத்தில் வசதி கூட என்று சொல்லி உப்புக்காரரை வான் வண்டியில் ஏற்றினார்கள். போகட்டுமா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோசியாதையுங்கோ. உங்கட தலைவரின்ர அப்பப்பாவைப் பற்றி அங்க சொல்ல ஒரு கதை வைச்சிருக்கிறன்."

போன கிழமை இன்னொரு படம் கட்டினார்கள். "நீங்களாவது ஒண்டு சொல்லுங்கோவன் அண்ணை" என்றார் றீற்றா அக்கா. எழும்பி நின்றேன். ஒன்றும் வரவில்லை. திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அவருடைய கட்டிலில் என் உடுப்புகளைப் பரப்பி வைத்திருக்கிறேன், வேறு யாரும் படுத்துவிடக்கூடாது என்று. தலைவரே, அவரை எப்போது திரும்பக் கூட்டி வருவீர்கள்? என் காதுக்குள் வந்து சொல்ல வேண்டாம். இந்தப் பத்திரிகையிலேயே, அந்தச் சிறுமியின் தகப்பனும் வாசிக்கும்படி, உங்கள் பேரைப் போட்டு எழுதுங்கள்.