மாமாவின் வண்டியும் அரை பாட்டில் நல்லெண்ணெயும்

நான் பொறாமைக்காரன். இதை எழுத எனக்குக் கூச்சமே இல்லை. ஓடுகத்தூரில் எங்கள் தெருவுக்கே ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான்.

அக்கா கல்யாணம் வரைக்கும் எங்கள் வீட்டில் ராஜா நான். பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிற ராஜா. எனக்கு இருந்த ஒரே பைத்தியம் ராக் கிராலர். ரிமோட்டில் ஓடுகிற முழ நீள ஜீப் அது. வேகமெல்லாம் கிடையாது. ஆமை மாதிரி ஊர்ந்து பாறை மேல் ஏறும், அதற்கென்றே செய்தது. என்னுடையதை இரண்டு வருடமாகப் பிரித்துப் பிரித்துக் கட்டினேன். மெத்தென்ற டயர் போட்டேன், அச்சில் பித்தளை எடை மாட்டினேன், பல்சக்கரத்தை மாற்றினேன். கடையில் வாங்கியபோது இருந்ததில் இன்று மிச்சம் ஸ்டிக்கர் மட்டும்தான்.

அப்பாவுக்கு அது பொம்மை. அவர் மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார் (நிலக்கடலைதான், எங்க ஊரில் மல்லாட்டை). மண்டிக்கு மூட்டை கொண்டுவருகிறவர்களிடமெல்லாம், "பி.இ. படிச்சிட்டு பொம்ம கார் ஓட்டிக்கினு கீறான்" என்று கேட்காமலே சொல்வார். அந்த வாயால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நல்லாக்கீதுடா" என்று வாங்கிவிட வேண்டும். என் வாழ்க்கை லட்சியமே அவ்வளவுதான்.

அப்போது வந்து சேர்ந்தார் பிரபு மாமா, அக்காவின் புதுக் கணவர். பெங்களூரில் வேலை. யாரையும் கடிந்து பேசாத ஆள். (இப்படி ஒருத்தரை வெறுப்பது லேசில்லை, நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன்.) கல்யாணமாகி மூன்றாம் மாதம் விருந்துக்கு வந்தவர், நேராக மண்டிக்கு வந்து பையிலிருந்து ஒரு ராக் கிராலரை எடுத்து வைத்தார். புத்தம்புதுசு. ஸ்டாக் வண்டி. அதாவது பெட்டியில் வந்தபடியே, ஒரு திருகாணியைக்கூட மாற்றாதது. எங்கள் ஆட்களிடம் ஸ்டாக் வண்டி என்று சொன்னால், இஸ்திரி போடாத சட்டையோடு கல்யாணத்துக்கு வந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள்.

"மச்சான், உங்களப் பாத்துதான் எனக்கும் ஆச வந்துச்சு" என்றார் மாமா.

அப்பா எடை போட்டுக்கொண்டிருந்த மூட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டயரை விரலால் அமுக்கிப் பார்த்தார். கண்கள் விரிந்தன.

"அடடா! அருமையான வண்டிங்க மாப்ள. இன்னா வேலப்பாடு!"

அதே ஜீப். அதே நாலு டயர். என்னுடையதை இரண்டு வருடத்தில் காலால் நகர்த்துவதற்குத் தவிர வேறு எதற்கும் அவர் தொட்டதில்லை. வயிறு எரிகிறது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே எரிகிறது. தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே.

அந்த ஞாயிற்றுக்கிழமை புது மாப்பிள்ளையைக் குலதெய்வத்துக்குக் கூட்டிப்போய்ப் பொங்கல் வைக்க ஏற்பாடு. எங்கள் அம்மன் ஜவ்வாது மலைமேல் ஓடையோரம் மரத்தடியில் இருக்கிறாள். குட்டி யானை வண்டியில் அரிசி, கோழி, பாத்திரம், விளக்குக்கு ஒரு பாட்டில் நல்லெண்ணெய் எல்லாம் ஏறின. அப்பா, அம்மா, அக்கா, மாமா, அப்பாவின் தங்கை லட்சுமி அத்தை ஏறினார்கள். இரண்டு கிராலர்களும் ஏறின. என் வயிற்றெரிச்சல் தனி மூட்டை.

கோயிலுக்குப் பின்னால் ஓடையை ஒட்டி ஒரு பாறை. இரண்டு ஆள் உயரம், நின்றால் மூக்கில் இடிக்கிற சரிவு, மழைக்குப் பாசி பிடித்து வழவழவென்று இருக்கும். என் வண்டி அதில் பாதியைத் தாண்டியதே இல்லை. (இது எனக்கும் பாறைக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.) மாமாவின் ஸ்டாக் வண்டி அதில் ஏறிவிட்டால் என் இரண்டு வருடம் காலி, அப்பாவிடம் நான் சாகிறவரை பொம்மைக்காரன்.

"மாமா, அந்தப் பாற ஸ்டாக் வண்டிக்கு ஓவர். வுட்டுடுங்க" என்றேன், விடமாட்டார் என்று தெரிந்தே.

"ஏறலன்னா இன்னா மச்சான், எங்க நிக்குதுன்னாவது தெரியுமே. டெஸ்ட்டுதான?"

அப்பா குறுக்கே புகுந்தார். "அதெல்லாம் ஏறும்ங்க. மாப்ள வண்டி ஏறாமப் போவுமா?"

அந்த ஒரு வரிதான் என்னைக் குற்றவாளி ஆக்கியது.

அம்மாவும் அக்காவும் அடுப்புக்குக் கல் கூட்டினார்கள். மாமா விறகு பொறுக்கப் போனார் (மாப்பிள்ளை விறகு பொறுக்குகிறார், அதையும் அப்பா பெருமையாகப் பார்க்கிறார்). நான் பூசைப் பையிலிருந்து எண்ணெய் பாட்டிலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றிப் பாறையின் உச்சிக்குப் போனேன். மேலே ஒரு முழம் மட்டும் வழுக்கினால் போதும் என்பது திட்டம். அரை பாட்டிலைக் கவிழ்த்தேன். எண்ணெய் கீழே ஓடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. திரவங்களைப் பற்றி ஒரு முழு செமஸ்டர் படித்தவன் நான். (அந்தப் பேப்பரில் இரண்டு தடவை அரியர்.)

பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு நல்ல பிள்ளையாகக் கீழே வந்து நின்றேன்.

மாமா வண்டியைப் பாறை அடியில் வைத்தார். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்ந்தது. சக்கரம் சுழன்றது, வழுக்கியது, பக்கவாட்டில் சரிந்தது. மாமா பின்னால் எடுத்து, ஒரு வெடிப்பில் டயரைக் கொடுத்து, மறுபடி ஏற்றினார். பாதியைத் தாண்டியது. முக்கால் பாறை வரை போய், நாலு சக்கரமும் சுற்றச் சுற்ற அங்கேயே நின்றுவிட்டது.

"ஸ்டாக் வண்டின்னா இவ்ளோதான் மாமா. ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். துக்க வீட்டுக் குரலில் சொன்னேன். உள்ளே தவில் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தண்ணீர் மொள்ள வந்த அத்தை பாறையைப் பார்த்து நின்றாள். விரலால் தொட்டாள். முகர்ந்தாள். குடம் கையிலிருந்து விழுந்தது.

"அண்ணி! இங்க வா அண்ணி! பாறையில நல்லெண்ணெ வடியுது!"

அம்மா ஓடிவந்தாள். ஓடிப்போய்ப் பாட்டிலைப் பார்த்தாள். "இன்னும் தெறக்கவே இல்ல, அதுக்குள்ள பாட்டிலு பாதிதான் கீது! ஆத்தாளே எட்த்துக்கினாளா!"

அவ்வளவுதான். அத்தை மஞ்சளைக் குழைத்துப் பாறையில் பூசினாள். குங்குமம் வைத்தாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நானும் கும்பிட்டேன், வேறு வழியில்லாமல்.

"ஆத்தா எண்ண தேச்சிக் குளிக்கிற எடத்துல வண்டிய வுட்டா? அதான் நிறுத்திட்டா" என்றாள் அத்தை.

"அதான பாத்தேன்! மாப்ள வண்டியாவது, நிக்கிறதாவது? சாமி புடிச்சாதான் நிக்கும்" என்றார் அப்பா.

பேசாமல் இருந்திருக்கலாம். எந்த ஆபத்தும் இல்லை, எல்லாப் பழியும் அம்மன் மேல். ஆனால் மாமா வண்டி தோற்றதும் ஒரு பெருமையாகிவிட்டதே! தெய்வமே இறங்கி வந்து தடுக்க வேண்டிய வண்டியாம்! தொப்புளுக்கு மேலே மறுபடி பற்றிக்கொண்டது.

"சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல! நான்தான் ஊத்துனேன்! ஒரு ஸ்டாக் வண்டிக்குப் போயி இவ்ளோ பில்டப்பு!"



அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அத்தை, "வெளக்குக்கு வச்ச எண்ணெயாடா! உன் கைல கட்டி மொளைக்க!" என்று ஆரம்பித்து என் எல்.கே.ஜி. வரைக்கும் போய்வந்தாள். நான் அப்பாவின் அறைக்காகக் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ பாறையை அடியிலிருந்து நுனி வரை பார்த்துக்கொண்டிருந்தார், மூட்டையில் கைவிட்டு மல்லாட்டை பார்க்கிற அதே பார்வை.

"இருடா. மேலேர்ந்து கீழ வரிக்கும் எண்ணெயா?"

"ம்."

"எண்ணெயிலயே முக்கா பாற ஏறிச்சா?" மாமா பக்கம் திரும்பினார். "மாப்ள! இது வண்டி இல்லீங்க, உடும்பு!"

எண்ணெய் இல்லாமலே பாதிப் பாறைதான் ஏறுகிற என் வண்டி, பைக்குள் கிடந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

தண்டனையை அத்தை சொன்னாள். அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு, அண்டா தேய்க்கிற மாதிரி பாறையைத் தேய்க்க வேண்டும். பொங்கல் பொங்கி, எல்லோரும் குலவையிட்டபோது நான் பாறையில் தொங்கிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை சறுக்கி ஓடையில் விழுந்தேன். எண்ணெய் போயிற்று. கூடவே பாசியும் போயிற்று. பாறை ரோடு மாதிரி ஆகிவிட்டது. மாமா வண்டியை வைத்தார். ஒரே மூச்சில் உச்சிக்குப் போய் நின்றது.

"தேங்க்ஸ் மச்சான். நல்லா க்ளீன் பண்ணீங்க" என்றார். கிண்டல் இல்லை, மனசார. அதுதான் தாங்கவில்லை.

"உன்துயும் ஏத்துடா, பாப்போம்" என்றார் அப்பா.

"பேட்டரி இல்லப்பா." (பையில் முழுசாக சார்ஜ் ஏற்றிய பேட்டரி இரண்டு இருந்தது.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பொருளுக்கும் நான்தான் தர முத்திரை. மிக்சி வாங்கினாலும், மண்டிக்குப் புதுத் தராசு வந்தாலும், "அவன் கைல ஒரு பாட்டில் எண்ணெ குடு, தாங்குதான்னு பாக்கலாம்" என்கிறார்கள். போன மாதம் எனக்கு வேலை கிடைத்ததும் அக்கா போனில் கேட்ட முதல் கேள்வி, "கூட வேல பாக்குறவங்க நல்லா வழுக்குறாங்களாடா?"

மாமா வரும்போதெல்லாம் அப்பா அந்த வண்டியை மண்டிக்கு எடுத்துப்போய்த் தராசுக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களிடம் கதை முழுவதையும் சொல்கிறார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, "வண்டி மாப்ளையுது. ஆனா டெஸ்ட் பண்ணது எம்புள்ள. இவன மாதிரி டெஸ்ட் பண்ண பெங்களூர்லயே ஆள் கெடையாது" என்று தோளில் தட்டுகிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

சிரிக்கட்டும். மாமாவை அவர் இன்றுவரை தோளில் தட்டியதில்லை. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.