நாமே வெள்ளையடித்தோம்

இனிமேல் என் வாயில் 'நான்' வராது. 'நீ'யும் வராது. 'நாம்' மட்டும்தான். தாம்பரம் சானடோரியத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கும்போதே இந்த வீர முடிவை எடுத்துவிட்டேன்.

எல்லாம் அந்தப் பயிற்சி வகுப்பின் மகிமை. மறைமலை நகர் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். "'நீ செய்'னு சொன்னா முறைப்பான். 'நாம செய்வோம்'னு சொன்னா செய்வான்" என்றார் வகுப்பெடுத்த கோட்டுக்காரர். அன்று மாலையே சோதித்தேன். "நாம இந்தப் பெட்டியெல்லாம் வண்டியில ஏத்திடலாமா?" ஏற்றிவிட்டார்கள். நான் டீ குடித்தேன்.

ஆகா, தன்மைப் பன்மைதான் எவ்வளவு மென்மை! சொல்ல ஒருவர், சுமக்கப் பலர்.

வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வேண்டும். என் மனைவி ரோஸி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தேன்.

"ரோஸி, இந்த வருஷம் நாமே வெள்ளையடிச்சிடலாம்."

"நாமளேவா?"

"ஆமா. குடும்பம்னா ஒரு டீம்."

"நிஜமாத்தான் சொல்றீங்களா? அப்போ ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சிடலாம். ஆளே வேணாம்!"

வலையில் விழுந்துவிட்டாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் நாம் வாசல் சுவரில் ஏணியைச் சாய்த்தோம். நாம் மேலே ஏறினோம். ஏறினது யார் என்பது பாதி உயரத்தில்தான் எனக்கு உறைத்தது. ரோஸி கீழே நின்று விரல் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மூலைய நாம விட்டுட்டோம் பாருங்க."

"கழுத்து சுளுக்கிடுச்சு ரோஸி!"

"நம்மகிட்ட தைலம் இருக்குங்க. முதல்ல ரெண்டாவது கோட் அடிச்சிடலாம்."

பக்கத்து வீட்டு பேபி அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, ஆளு வெக்கலியா? மீசையெல்லாம் வெள்ளையா கீது!"

"குடும்பம்னா ஒரு டீமாம்க்கா" என்றாள் ரோஸி.

"குடுத்து வெச்சவம்மா நீ!"

இருவரும் ஏதோ கிசுகிசுத்தார்கள். ரோஸி உள்ளே போனாள். அக்காவும் அவர் வீட்டுக்குப் போனார். நான் மூன்றாவது கோட்டுக்குப் போனேன்.

சற்று நேரத்தில் வாசலில் ஆட்டோ சத்தம். திரும்பிப் பார்த்தால், தலை நிறையப் பூவும் பட்டுப்புடவையுமாக ரோஸி! பக்கத்தில் பேபி அக்கா. கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கத்தான்! தப்பித்தேன். பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு மடமடவென்று இறங்க ஆரம்பித்தேன்.

"ரோஸி, நாம எங்க போறோம்?"

ரோஸி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நீங்க இறங்காதீங்க. நாங்க தி.நகர் போறோம்."