பதினோராம் கட்டத்தில் விழுந்த கதை

கையெழுத்து மணிமணியாக இருக்கிறவனுக்குத் தலைக்கனம் தானாக வந்துவிடும். இருபத்திரண்டு வயதில் எனக்கு இரண்டும் ஏராளமாக இருந்தன. வேலைதான் இல்லை. (இருந்திருந்தால் இந்த அவமானமும் இல்லை.)

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் வருஷத்துக் குடிக்கணக்கு, அதாவது ஜனத்தொகைக் கணக்கு. நாச்சியாபுரத்தில் எங்கள் தெருவையும் அடுத்த தெருவையும் எழுத என்னைப் போட்டார்கள். சம்பளம் கிடையாது. ஆனால் மேற்பார்வைக்கு வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒரு ஆசை காட்டினார்.

"சுத்தமாக முடித்தீரானால் தாலுகாக் கச்சேரி குமாஸ்தா வேலைக்கு நானே சர்டிபிகேட் எழுதித் தருகிறேன். ஒரு பொய் இருந்தாலும் கிழித்துப் போட்டுவிடுவேன்."

அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பெயர், வயது எல்லாம் சுலபம். தகராறு தொழிலில்தான். சம்பாதிக்கிறவருடைய தொழிலை ஒன்பதாம் கட்டத்தில் எழுத வேண்டும். சம்பாதிக்காமல் சாப்பிடுகிறவர் பதினோராம் கட்டத்துக்குப் போவார். யாருடைய உழைப்பில் சாப்பிடுகிறாரோ அவருடைய தொழிலை எழுதி, 'சார்ந்தவர்' என்று போட வேண்டும். ஆண், பெண் என்று எந்த வித்தியாசமும் புத்தகத்தில் சொல்லவில்லை. (அதைப் போட்ட துரைக்கு எங்கள் ஊர் ஆண்களைத் தெரியாது.)

வீரய்யா மாமா மரத்தடியில் ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பெரிய வீடொன்றில் நெல் குத்தப் போயிருந்தாள்.

"என்ன தொழில் பாக்கிறீக மாமா?"

"விவசாயம்னு எழுதிக்க மாப்ள."

"நிலம் எங்க இருக்கு?"

"மழை பேயட்டும், குத்தகைக்குப் புடிக்கணும்."

"இப்ப என்ன செய்றீக?"

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கே? யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று புலியை நகர்த்தினார்.

நான் சும்மா எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நாலு பேர் காதில் விழும்படி சட்டத்தை உரக்கப் படித்துக் காட்டி, 'நெல் குத்துபவரைச் சார்ந்தவர்' என்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டே எழுதினேன்.

"வேலை தேடிக்கிட்டு இருக்கேன்னாவது போடுய்யா" என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி.

"தேடுறதெல்லாம் தொழில்ல சேராது மாமா."

தெரு சிரித்தது. மாமா காய்களை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். எனக்கு ஒரே பெருமை. இப்போது நினைத்தால் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கடைசியில் மிஞ்சியது என் வீடு. என் பெயருக்கு நேரே 'நில உடைமை' என்று எழுதினேன். (நிலம் உண்டு. கால் ஏக்கர். கருவேல முள் நன்றாக விளையும்.) என் மனைவி பஞ்சவர்ணத்தின் பெயருக்கு நேரே, 'மேற்படியாரைச் சார்ந்தவர்.' மை காய்வதற்குள் நானே அதை நம்பிவிட்டேன்.

சரிபார்க்கிற நாள் காலையில் இன்ஸ்பெக்டர் என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பின்னாலேயே தெருவும் கூடிவிட்டது. வீரய்யா மாமாவும் நின்றார். இன்ஸ்பெக்டர் தாளைப் புரட்டப் புரட்டத் தலையை ஆட்டினார். சர்டிபிகேட் காகிதம் அவர் கையில் தயாராக இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தலையில் கூடையோடு பஞ்சவர்ணம் வந்தாள், பின்னால் இன்னும் இரண்டு பெண்கள்.

"அதை அங்குட்டு வையி. இதை இங்குட்டு இறக்கு, பைய, பைய!"

கூடை நிறைய முட்டை. பக்கத்து ஊரான நெற்குப்பையில் ஒரு செட்டியார் வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் கண்ணாடியாக மின்ன வேண்டுமென்றால் சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்த்துப் பூச வேண்டும். சுற்றியுள்ள ஊர்களில் முட்டை வாங்கி அங்கே கொடுத்தது பஞ்சவர்ணம்தான். (மிஞ்சும் மஞ்சள் கருவில் பாதி எங்கள் வீட்டுக்கு வரும். ஆறு மாதமாக எங்கள் வீட்டில் வேறு குழம்பே கிடையாது.)

நாற்காலியில் இருந்தவரைக் கட்டட மேஸ்திரி என்று அவள் நினைத்துவிட்டாள்.

"நெற்குப்பையிலேருந்தா வாரீக? முந்நூறுதான் சேந்துச்சு. மிச்சம் நாளைக்கு."

இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த அம்மாள் உம்மைச் சார்ந்தவரா?"

"ஐயா, நானும் அதில் ஒத்தாசை..." என்று இழுத்தேன்.

"அப்படியா அம்மா? இவர் என்ன ஒத்தாசை செய்கிறார்?"

என் தலையெழுத்து அவள் வாயில் இருந்தது. கண்ணால் கெஞ்சினேன். பஞ்சவர்ணம் பொய் சொல்லத் தெரியாதவள்.

"முட்டையைத் தண்ணியில போட்டு நல்லதா கெட்டதான்னு பாக்கச் சொன்னேங்க. மொத நாளே ஒரு கூடையைச் சாச்சுப்புட்டாக. வீட்டுல இருந்தா முட்டைக்கு ஆபத்துன்னு நாந்தான் இந்தக் கணக்கு எழுதப் போகச் சொன்னேன்."

தெரு குலுங்கியது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சர்டிபிகேட்டை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, "கிழிக்கட்டுமா, திருத்துகிறீரா?" என்றார்.

பேனாவை எடுத்தேன். அப்போது வீரய்யா மாமா பக்கத்தில் வந்து குனிந்தார். பழிவாங்கப் போகிறார் என்று பயந்தேன்.

"எழுது மாப்ள. என்னையும் அப்படித்தானே எழுதினே, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார்.

'முட்டை வியாபாரம் செய்பவரைச் சார்ந்தவர்' என்று எழுதினேன். என் வாழ்நாளிலேயே கோணலான எழுத்து அதுதான். அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை உட்கார வைத்து ஆடுபுலி ஆடித் தோற்கடித்தார்.

சர்டிபிகேட் கிடைத்தது. 'மனைவியின் உழைப்பில் உண்பதாகத் தன் கையாலேயே பதிந்த நேர்மையாளர்' என்று அதில் ஒரு வரி. அதைக் காட்டித்தான் குமாஸ்தா ஆனேன். கச்சேரியில் அதைப் படிக்காத அதிகாரி இல்லை.

பத்து வருஷம் கழித்து அடுத்த கணக்கு வந்தது. அதற்குள் எனக்குச் சம்பளம், குடை, அல்பாகா கோட்டு எல்லாம் சேர்ந்திருந்தன. எழுத வந்தவருக்கு, நான் கச்சேரியில் இருந்த நேரத்தில், பஞ்சவர்ணம் பதில் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"என்னைச் சம்பாதிக்கிறவன்னு சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பேனா? ஞாயித்துக்கிழமை நம்ம முட்டைக் கூடையைத் தூக்குறீகள்ல, அதை முக்கியத் தொழில்னு எழுதச் சொன்னேன்."

"அப்ப கச்சேரி உத்தியோகம்?"

"அதுக்கும் ஒரு கட்டம் இருக்காம். துணைத் தொழில்னு போட்டுக்கிட்டுப் போனாரு."

இன்றைக்கும் காலையில் நான் குடையைக் கையில் எடுத்தால் போதும், என் மகள் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்: "ஆத்தா, அப்பா துணைத் தொழிலுக்குக் கெளம்பிட்டாக!"