நாலு தடவை இழுத்தால்

மூச்சு விடுவது பெரிய விஷயமே இல்லை என்று நினைப்பவர்கள், மேடையில் பத்து நிமிடம் என் தலையைக் கடன் வாங்கிப் பார்க்க வேண்டும்.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்குப் பராமரிப்பு வேலை. போன வருடப் பாதுகாப்பு வாரத்தில், தலைக்கவசத்தின் வரலாறு பற்றிப் பேச ஆள் கேட்டார்கள். கை தூக்கினேன். (வாய் சும்மா இருந்தால்தானே!) குடும்பத்தினருக்கும் அழைப்பு; மனைவியும் மகளும் முன்வரிசையில்.

துரு நீக்கும் பிரிவில் மஞ்சுநாத் போட்டுக்கொள்ளும், காற்றுக்குழாய் வைத்த பெரிய கவசத்துக்குப் பித்தளை நிறக் காகிதம் ஒட்டி, அந்தக் காலத்து முக்குளிப்பவனாக மேடையேறினேன். குழாயின் மறுமுனை சுவரிலிருந்த காற்று வால்வில். இடுப்புக் கயிற்றின் மறுமுனை மஞ்சுநாத் கையில்.

"புகைக்குள்ள போகச் செஞ்ச கவசம்தான் அப்புறம் கடலுக்குள்ள எறங்குச்சு! கயித்தை நாலு தடவை இழுத்தா, மேல தூக்குன்னு அர்த்தம்!" என்று சட்டை மைக்கில் முழங்கினேன்.

டீ மணி அடித்தது. நான் நிறுத்தவில்லை. காற்று நின்றது.

கண்ணாடி மங்கி, உலகமே மறைந்தது. கயிற்றை இழுத்தேன், நாலு அல்ல, நாற்பது. மண்டியிட்டேன். குலதெய்வத்துக்கு ஒரு கிடா நேர்ந்தேன். கண்ணாடி இன்னும் மங்கவே, இரண்டாக்கினேன். "காப்பாத்துங்க!" என்று அலறினேன். கூட்டம் விசிலடித்தது. "உங்கப்பா என்னமா நடிக்கிறார் பாரு!" என்றாள் மனைவி, பெருமையாக.

மஞ்சுநாத் ஓடிவந்தார்.

"கைய எடுங்க சார்! கவசத்த நீங்களே புடிச்சு அமுக்கிக்கிட்டு இருக்கீங்க!"

கவசத்தைச் சும்மா மேலே தூக்கினாலே கழன்றுவிடுமாம். தூக்கினார். காற்று வந்தது.

வால்வை மூடியவர்மேல் தப்பில்லை. 'டீ மணி அடித்ததும் காற்றை மூடு' என்று வால்வுக்கு வால்வு தாள் ஒட்டியவன் நான்தான்.

"ஏன் மஞ்சுநாத், நாலாவது இழுப்புலயே வந்திருக்கலாமே?"

"நாலோட நிறுத்தியிருந்தா வந்திருப்பேன் சார். அதுக்கு மேல போனா என்ன அர்த்தம்னு நீங்க சொல்லலையே! பைப்பு தொங்கிப்போனதப் பாத்துதான் ஓடியாந்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் முதுகைத் தடவிக் கொடுத்தார். தன் டீயை என்னிடம் தந்துவிட்டு, அதே கவசத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அந்தக் கவசத்துக்குள்தான் அவருக்குத் தினமும் ஒரு முழு ஷிஃப்ட். அன்றே அந்த வால்வில் தாளை மாற்றினேன்: 'உள்ளே மஞ்சுநாத் இருக்கிறாரா என்று பார்.'

கிடா இரண்டும் வெட்டியாயிற்று. முதல் இலை அவருக்கு.

இன்றும் மத்திகிரிக்கு வண்டியில் போகும்போது, பின்னாலிருந்து மகள் என் சட்டையை நாலு தடவை இழுப்பாள். ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, ஒரு மூச்சு விட்ட பிறகுதான் கிளம்ப வேண்டும். மனைவி போட்ட சட்டம். முன்பு எரிச்சலாக இருக்கும். இப்போதெல்லாம் அந்த ஒரு மூச்சை மஞ்சுநாத்தை நினைத்துத்தான் விடுகிறேன்.

"காத்து வருதாப்பா?"

வருகிறது, தாயே.